மஞ்சள் மூடி போட்ட கசப்பு: அங்கோஸ்டுரா பிட்டர்ஸ்

வீட்டிலேயே காக்டெய்ல் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது ஷேக்கர். பளபளவென்று இருக்கும், குலுக்கினால் சத்தம் வரும், விருந்தாளிகள் திரும்பிப் பார்ப்பார்கள். மூடி இறுக்கமாக உள்ள எந்தக் கண்ணாடி ஜாடியும் அந்த வேலையைச் செய்துவிடும். அந்தக் காசுக்கு ஒரு அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் வாங்குங்கள் என்பேன், காக்டெய்லில் சில சொட்டு மட்டும் சேர்க்கிற கசப்புச் சரக்கு அது. இங்கே சிங்கப்பூரில் என் அலமாரியில் விஸ்கி மாறும், ஜின் மாறும், இது மட்டும் மாறாது.

என்னிடம் இருப்பது 200 மில்லி பாட்டில். மஞ்சள் மூடி, அளவுக்கு மீறிய வெள்ளைத் தாள். அண்ணன் வேட்டியைத் தம்பி கட்டியதுபோல அந்தத் தாள் பாட்டிலின் கழுத்துவரை ஏறி நிற்கும். மதுரையிலிருந்து வந்திருந்த மச்சான் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, இருமல் மருந்தையும் இங்கேயே வெச்சிருக்கீங்க?" என்றார்.

ரொம்பத் தவறில்லை. இது மருந்தாகப் பிறந்ததுதான். தென் அமெரிக்க விடுதலைப் போரை நடத்திய சிமோன் பொலிவாரின் படையில் மருத்துவராக இருந்த சீகர்ட் என்ற ஜெர்மானியர், வயிற்றுக் கோளாறுக்காக 1824இல் இதைத் தயாரித்தார். வெனிசுலாவில் அவர் இருந்த ஊரின் பெயர் அங்கோஸ்டுரா. பிற்பாடு அவர் குடும்பம் தொழிலை டிரினிடாட்டுக்கு மாற்றிக்கொண்டது, இன்றும் அங்கேதான் தயாராகிறது. தாளில் தெரியும் பதக்கம் 1873 வியன்னா கண்காட்சியில் வாங்கியது. தாள் ஏன் இவ்வளவு பெரிது என்றால், பாட்டிலை ஒரு சகோதரரும் தாளை இன்னொருவரும் ஆளுக்கொரு அளவில் செய்துவிட்டார்களாம். அப்படித்தான் கதை சொல்கிறார்கள்.

ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு முகர்ந்தால் முதலில் பட்டை, கிராம்பு வாசனை. நாக்கில் வைத்தால் ஒரு நொடி இனிப்பு, அப்புறம் ஜென்ஷியன் வேரின் கசப்பு தொண்டைவரை போய் உட்கார்ந்துகொள்ளும். தனியாகக் குடிக்கிற சரக்கு அல்ல இது, சமையலில் பெருங்காயத்துக்கு உள்ள இடம்தான் இதற்கும். ஆனால் இது இல்லாமல் ஓல்டு ஃபேஷன்டு என்கிற விஸ்கி காக்டெய்லைச் செய்து பாருங்கள், சர்க்கரை போட்ட விஸ்கிதான் மிஞ்சும்.

அந்த ஓல்டு ஃபேஷன்டைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கனமான குட்டை டம்ளரில் ஒரு சர்க்கரைக் கட்டி. அதன் தலையில் பாட்டிலைக் கவிழ்த்து இரண்டு உதறல் பிட்டர்ஸ். கட்டி செங்கல் நிறத்துக்கு மாறி அடியிலிருந்து உதிரத் தொடங்கும். ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு நசுக்கிக் கரையுங்கள். 60 மில்லி பர்பன் (அமெரிக்க விஸ்கி), பெரிய ஐஸ் கட்டி ஒன்று. டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கும்வரை மெதுவாகக் கலக்க வேண்டும், இந்த ஊர் வெக்கையில் அதற்கு அதிக நேரம் ஆகாது. கடைசியாக ஆரஞ்சுத் தோலை மேலே பிடித்து ஒருமுறை மடக்கினால் எண்ணெய் தெறிக்கும். தோலை உள்ளேயே போட்டுவிடலாம். செர்ரியெல்லாம் வேண்டாம்.

உதறல் என்கிற அளவில்தான் சிக்கல். பாட்டில் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு உண்டு, அதன் துளை வழியாகத்தான் வரும். பாட்டில் நிறைந்திருக்கும்போது ஒரு உதறலுக்குச் சில சொட்டுதான் விழும். பாதி காலியானதும் அதே உதறலில் கூடுதலாகக் கொட்டும். அதனால் எண்ணிக்கையை நம்பாமல் நிறத்தைப் பாருங்கள். சுத்தமாக அளக்க வேண்டும் என்பவர்கள் மருந்துக் கடையில் கிடைக்கும் சொட்டுக் குப்பியில் ஊற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஜின் பிரியர்களுக்குப் பிங்க் ஜின் இருக்கிறது. டம்ளருக்குள் பிட்டர்ஸைச் சுழற்றிவிட்டு, நன்றாகக் குளிர்ந்த ஜின்னை ஊற்றினால் முடிந்தது. பிரிட்டிஷ் கடற்படைக்காரர்களின் பானம். எனக்கு அது கொஞ்சம் கடுமை.

வெயிலுக்கு நான் அடிக்கடி போடுவது கன்னர். ஹாங்காங், சிங்கப்பூர்ப் பக்கத்துப் பழைய கிளப்புகளில் ஓடிய பானம். உயர டம்ளர் நிறைய ஐஸ், ஜிஞ்சர் பியரும் ஜிஞ்சர் ஏலும் (இரண்டும் இஞ்சி சோடா வகைதான்) பாதிப் பாதி, ஒரு எலுமிச்சையின் பாதியைப் பிழிந்து, மேலே மூன்று நான்கு உதறல். கலக்காதீர்கள். செம்பழுப்பு நிறம் மேலிருந்து இழை இழையாக இறங்கும், முதல் மடக்கில் மசாலா, அடியில் இஞ்சிக் காரம். கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சை கிடைத்தால் சாதா எலுமிச்சையைவிட அது இன்னும் பொருந்தும். பலர் இதை மது இல்லாத பானம் என்று பரிமாறுகிறார்கள். பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. டம்ளருக்குள் போவது மிகக் கொஞ்சம்தான், ஆனாலும் அறவே தொடாதவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூர் ஸ்லிங் என்கிற ஜின் காக்டெய்லிலும் இது சேரும். அதற்காக வீட்டில் அதைச் செய்யக் கிளம்பாதீர்கள். செர்ரி லிக்கர், பெனடிக்டின், குவான்ட்ரோ என்று இனிப்பு மதுக்களாக வாங்கி அடுக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் எடுத்த பிறகு மீதியை என்ன செய்வது? அதை ராஃபிள்ஸ் ஹோட்டலிலேயே குடித்துக்கொள்ளலாம்.

மில்லிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் விலை எரிச்சலூட்டும். ஆனால் ஒரு டம்ளருக்குச் சில மில்லிக்கு மேல் ஆகாது, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை, கெட்டுப்போகவும் போகாது. மார்ட்டினிக்கு இது வேண்டாம், ஆரஞ்சு பிட்டர்ஸ்தான் சரி. பியரோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் வாங்கவே வேண்டாம். விஸ்கியில் சோடா ஊற்றிக் குடிக்கிற வழக்கம் இருந்தால் அதிலேயே இரண்டு உதறலோடு தொடங்குங்கள். வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உதறுங்கள், கறை சுலபத்தில் போகாது.