கொழிஞ்சாம்பாறை வாடகைக் கடையின் ஓநாய் முகமூடி

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் நாடக சாமான் வாடகைக்கு விடும் இந்தக் கடையின் ஓநாய் மனிதன் முகமூடி, ரப்பர் பாலில் வார்த்தது. முடியும் பல் வரிசையும் அபாரம். குறை தாடையில்தான்: உள்ளே பிடிப்பு இல்லாததால் வசனம் பேசினால் வாய் அசையாது. மோவாய்க்கு அடியில் அரை அங்குல ஸ்பாஞ்ச் வைத்தால் சரியாகும். தலையில் தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப் பிசுபிசுத்துக் கிழியும். துணித்தொப்பிக்கு மேல்தான் மாட்ட வேண்டும். கழற்றியதும் உள்ளே துடைத்து, நிழலில் உலர்த்தி, பவுடர் தூவுங்கள்.

இதையே ஒடியன் வேஷத்துக்கும் தள்ளிவிடப் பார்ப்பார்கள், ஏமாறாதீர்கள். பாலக்காட்டு நாட்டுப்புறக் கதைகளில் வரும் மந்திரவாதியான ஒடியன் காளையாகவோ எருமையாகவோ மாறுபவன்; அதிலும் காலோ வாலோ ஒன்று குறையும் என்பார்கள். ஓநாய் மூஞ்சியோடு மேடையேறினால் ஊர்ப் பெருசுகள் சிரித்துவிடுவார்கள்.