வன்னியில் இதயத்துக்கு எது தோது: மாலை நடையா, சைக்கிளா?

பிரஷர் பார்த்துவிட்டு வைத்தியர் சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்தான்: "ஒவ்வொரு நாளும் நடவுங்கோ." கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் நாற்பதைத் தாண்டிய பலர் அதைக் கேட்டிருப்பார்கள். எனக்கும் சொன்னார், கொஞ்சக்காலம் நடந்தேன். இப்போது நடையை விட்டுவிட்டு, ஐந்து கிலோமீற்றருக்கு உட்பட்ட எல்லாப் போக்குவரத்துக்கும் சைக்கிள்தான். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று சொல்லமாட்டேன்.

இதயத்துக்கு இரண்டும் நல்லது, அதில் சண்டை இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களிடம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு. பக்கத்தில் வருபவரோடு கதைக்கலாம், ஆனால் பாட்டுப் பாட முடியாது. அந்தளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமானது. தொடர்ந்து செய்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் இரத்தத்தைத் தள்ளப் பழகும், சும்மா இருக்கும்போது நாடித்துடிப்பு குறையும், பிரஷரும் இறங்கும். வேகமாக நடந்தாலும் கிடைக்கும், பெடல் மிதித்தாலும் கிடைக்கும். நடைக்குக் காசு தேவையில்லை, சைக்கிளுக்குக் கொஞ்சம் தேவை. சரி, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எங்கள் ஊரில் எது நின்றுபிடிக்கும் என்பதுதான் கேள்வி.

காரணமில்லாமல் நடக்கிற ஆளை எங்கள் வீதி விடாது. மோட்டச்சைக்கிள் ஒன்று பக்கத்தில் வந்து நிற்கும். "என்ன அண்ணை, நடந்து போறியள்? ஏறுங்கோ, இறக்கி விடுறன்." "இல்லைத் தம்பி, சும்மா நடக்கிறன்" என்றால் அவர் முகம் மாறும். வீட்டில் ஏதும் பிரச்சினையோ, மோட்டச்சைக்கிளை அடகு வைத்துவிட்டாரோ என்று யோசிக்கிறார். அடுத்தநாள் வேறொருவர் நிற்பாட்டுவார். மறுத்தால் கோபிக்கிற சொந்தக்காரரும் உண்டு; ஏறினால் அன்றைய நடை அவ்வளவுதான். தனியே நடக்கிற பெண்ணுக்கு இந்த விசாரணை இரட்டிப்பு.

நேரமும் இடங்கொடாது. காலை எட்டு மணிக்கே வெயில் சுடும். பின்னேரம் வெயில் தாழ்ந்து இருட்டுவதற்குள் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும், மாட்டைக் கட்ட வேண்டும், பிள்ளையை ரியூசனால் கூட்டி வரவேண்டும். ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்துக் காட்டோர வீதியென்றால் யானைப் பயம் வேறு. ரவுணில் மைதானத்துக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. அவர்கள் தாராளமாக நடக்கலாம்.

சைக்கிளில் போகிறவரை எவரும் மறித்து விசாரிப்பதில்லை. வன்னிக்கு அது பழகின வாகனம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில் நெல்மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிள் கரியரில்தான் போனது. பற்றரிக்கும் தடை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலும் கோடிக்குள் கிடந்த சைக்கிள்கள் வீதிக்கு வந்தன. பெற்றோல் கிடைத்ததும் பல திரும்பக் கோடிக்கே போய்விட்டன.

நான் சைக்கிள் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், அது நாளில் தனியாக ஒரு வேலையாக வருவதில்லை. மாலை நடைக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். மழை வந்தால், விருந்தாள் வந்தால், செத்தவீடு வந்தால் முதலில் வெட்டுப்படுவது அந்த நேரம்தான். இரண்டு கிழமை வெட்டுப்பட்டால் பிறகு தொடங்க மனம் வராது. சைக்கிள் ஓட்டத்தை அப்படி வெட்ட முடியாது, சீனி முடிந்தால் கடைக்குப் போயே ஆகவேண்டும். பால் கொடுக்க, சங்கக்கடைக்கு, கோயிலுக்கு, வயல் பார்க்க என்று துண்டு துண்டாகச் சேர்ந்தாலும் கணக்கில் வரும். ஒரே தடவையில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமே 2020 வழிகாட்டலில் எடுத்துவிட்டது.

ஒரு குறை இருக்கிறது. தரை தட்டையானது. பரந்தன் - பூநகரி வீதியில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சும்மா உருட்டிக்கொண்டு போனால் தாராளமாகப் பாட்டுப் பாடலாம், அதில் இதயத்துக்குப் பெரிய வேலை இல்லை. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கதை வேறு. வெட்டைவெளியில் எதிர்காற்றுக்கு மிதித்தால் மலை ஏறுகிற மாதிரித்தான். மற்ற மாதங்களில் நாமாகத்தான் வேகம் கூட்ட வேண்டும்.

அப்புறம் பராமரிப்பு. வாய்க்கால் கட்டில் ஓடினால் விடத்தல் முள் ரியூப்பைப் பதம் பார்க்கும். கிரவல் புழுதி செயினில் ஏறும். அதன்மேல் கழிவு ஒயிலை ஊற்றினால் பசையாகி இன்னும் இறுகும், முதலில் துணியால் துடைத்துவிட்டு அளவாக எண்ணெய் விட வேண்டும். மாரியில் களிமண் மட்காட்டுக்குள் அடைந்து சில்லு சுற்றாமல் நின்றுவிடும். ஒரு தடியை எடுத்துக் குத்திக் குத்தி இழுத்தால்தான் வரும். அந்த நாட்களில் நடையே மேல், அதுவும் சேற்றுக்குள்தான். கியர் சைக்கிள் பார்க்க வடிவு, ஆனால் கிராமத்துச் சைக்கிள் கடையில் அதைத் திருத்துவது பாடு. தட்டை நிலத்துக்கு அது தேவையுமில்லை.

நடை வெல்லும் இடங்களும் உண்டு. உடல் எடையைக் கால் தாங்குவதால் எலும்புக்கு நடை நல்லது; சைக்கிளில் எடையைச் சீற் தாங்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது முக்கியம். சமநிலை தளம்பும் வயதானவர்களுக்கும் நடைதான். ஏ9 வீதியில் பஸ்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால், அதிலேயே தினமும் போகவேண்டியவர்களுக்கு நான் சைக்கிளைச் சொல்லமாட்டேன். ஏற்கெனவே இதயத்தில் வருத்தம் வந்தவர்கள், குழாய் வைத்தவர்கள் பற்றி எனக்கு அனுபவமில்லை. கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குவதுதான் சரி. ஓடும்போது நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் இறங்கி இருந்துவிட்டு 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். மிதித்து வீட்டுக்குப் போகப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, தேத்தண்ணிக்கடை. சைக்கிளில் போய் இரண்டு ரோல்ஸும் சீனி தூக்கலான பிளேன்டீயும் எடுத்தால் மிதித்ததில் பாதி அங்கேயே போய்விடும். உப்பு நாளுக்கு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். கருவாட்டுக் குழம்பு உள்ள நாளில் அது சாத்தியமா என்பதை உங்கள் வீட்டுச் சட்டியிடம்தான் கேட்க வேண்டும்.

பழைய சைக்கிளை வெளியே எடுக்கிறவர்கள் முதலில் சீற்றின் உயரத்தைப் பாருங்கள். பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பலர் இரண்டு காலும் தரையில் பதிகிற மாதிரித் தாழ்த்திவிட்டு, முழங்கால் நோகிறது என்று சைக்கிளைக் குறை சொல்கிறார்கள். ஒரு ஸ்பானர் இருந்தால் ஐந்து நிமிட வேலை, கடைக்காரர் அதற்குக் காசும் கேட்கமாட்டார்.