சாலிகிராமத்தில் ஒரு வாடகை அறை: நேர்காணல் எடுக்க எவ்வளவு தோது?

ஈய எழுத்துகளைக் கையால் கோத்துப் பக்கம் கட்டிய பழைய அச்சுக்கோப்பாளர்கள் நால்வரை நேர்கண்டு பதிவுசெய்யும் வேலை எங்களுக்கு இருந்தது. நால்வரும் எழுபதைக் கடந்தவர்கள். அவரவர் வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஒருவர் வீட்டில் கைக்குழந்தை, இன்னொருவர் வீட்டை ஒட்டியே வெல்டிங் பட்டறை என்று தெரிந்தபின், ஆற்காடு சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, சாலிகிராமத்தில் பேட்டி எடுப்பதற்கென்றே வாடகைக்கு விடப்படும் ஓர் அறையை இரண்டு நாளைக்கு அமர்த்தினோம். குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் இடத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அறையின் நீளம் 20 அடி, அகலம் 14 அடி. இந்த 20 அடிதான் அதை எடுக்கவைத்தது. பேசுபவரைச் சுவரோடு ஒட்டி உட்காரவைத்தால் அவருடைய நிழல் சுவரில் விழும். பின்னணியும் முகத்தைப் போலவே கூர்மையாகத் தெரிந்து கண்ணை இழுக்கும். சுவருக்கும் அவருக்கும் இடையில் 6 அடி, அவருக்கும் கேமராவுக்கும் இடையில் 7 அடி, கேமராவுக்குப் பின்னால் ஆள் நிற்க 4 அடி என்று கூட்டிப் பார்த்தால் 17 அடி ஆகிவிடுகிறது. இதற்கு முன் நாங்கள் பார்த்த இரண்டு இடங்களும் புகைப்படத்தில் மிக அழகாக இருந்தன. நேரில் 12 அடிகூடத் தேறவில்லை.

விளம்பரத்தில் ‘சவுண்ட் ப்ரூஃப்’ என்று போட்டிருந்தார்கள். அது உண்மையில்லை. சுவரில் ஒட்டியிருந்தது ஓரங்குலக் கறுப்பு நுரைத்தகடு. அது அறைக்குள் எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதை, அதுவும் கீச்சென்ற மேல்சுர ஒலிகளை மட்டும், ஓரளவு குறைக்குமே தவிர, தெருவில் போகும் லாரியின் உறுமலைத் தடுக்காது. வெளியோசையைத் தடுக்க வேண்டுமானால் சுவருக்குக் கனம் வேண்டும், கதவுக்கும் சன்னலுக்கும் இடுக்கில்லாத அடைப்பு வேண்டும். இங்கே கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. தரையோ வழவழப்பான டைல்ஸ். நடு அறையில் நின்று ஒருமுறை கைதட்டியபோது ஓசை உடனே அடங்காமல் ‘டிங்’ என்று இழுத்தது. இடத்தைக் கவனித்துக்கொள்ளும் தம்பி இதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மாடிக்குப் போய் நான்கு பவானி ஜமக்காளங்களும் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளும் கொண்டுவந்தார். ஜமக்காளங்களைத் தரையில் இரட்டையாக விரித்து, மெத்தைகளைப் படத்தில் விழாதபடி இருபக்கமும் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி தட்டினோம். இழுவை பெரும்பாலும் போய்விட்டது. வாடகைப் பட்டியலில் இல்லாத இந்த உதவிக்காகவே அந்த இடத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

ஏசி வேறொரு பாடு. மூக்கில் மாட்டிய கண்ணாடியைப் போலத்தான் அதன் இரைச்சலும். பழகிவிட்டால் நமக்கு உறைக்காது, ஹெட்போனை மாட்டினால்தான் தெரியும். முதல் பேட்டியை அது ஓட ஓடவே எடுக்கலாம் என்றார் ஒளிப்பதிவாளர். ஒலிப்பதிவு பார்ப்பவர் ஒப்பவில்லை, அவர் சொன்னதே சரி. 15 நிமிடம் அணைத்துவைத்துப் பேசுவது, பிறகு 5 நிமிடம் ஓடவிட்டு எல்லோருக்கும் மோர் கொடுப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். எல்இடி விளக்குகள் என்பதால் தாக்குப்பிடித்தது. பழைய ஹாலோஜன் என்றால் பெரியவர்கள் வியர்த்து ஓய்ந்திருப்பார்கள்.

வெளியோசையை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. தமிழில் பேசும்படம் வந்த புதிதில், திறந்தவெளியில் ஒலிப்பதிவு நடக்கும்போது காக்கை விரட்டத் தனியாக ஆள் வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். எங்களுக்கு வாய்த்தது ஒலிபெருக்கி கட்டிய மூன்று சக்கர வண்டி. இரண்டாம் பெரியவர், தான் முப்பது ஆண்டு புழங்கிய ஈய எழுத்துகளை முதலாளி எடைக்குப் போட்ட நாளைச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்துகளை வரிவரியாகக் கோக்கும் ஸ்டிக்கை இடக்கையில் பிடித்திருப்பதாகப் பாவித்து, வலக்கையால் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைப்பதுபோல் விரல்கள் தாமாக அசைந்துகொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்துத் தெருவில் “பழைய இரும்பு, பழைய பேப்பர், ஈயம், பித்தளை” என்று வண்டி வந்தது. அவர் பேச்சை நிறுத்திச் சன்னல் பக்கம் திரும்பினார். “வந்துட்டான் பாருங்க தம்பி” என்று சிரித்தார். அதை வெட்டாமல் வைத்திருக்கிறோம். ஆனால் அதே வண்டி அன்று மூன்று முறை வந்தது. மற்ற இரண்டும் வீணான டேக்குகள்தான்.

அவர் கை அசைவால் இன்னொரு பாடமும் கிடைத்தது. காலர் மைக்கைச் சட்டைப்பை ஓரத்தில் குத்தியிருந்ததால் கை உரசும்போதெல்லாம் சரசரத்தது. பிறகு அதை மேலே, முதல் பொத்தானுக்கு அருகில் மாற்றி, தலைக்கு மேல் படச்சட்டத்துக்கு வெளியே ஒரு பூம் மைக்கையும் தொங்கவிட்டோம். கேட்டுப் பார்த்தால் பூமில் பதிந்த குரலே இயல்பாக இருந்தது. அறையின் எதிரொலியையும் அது சேர்த்துப் பிடிக்கும் என்பதால், ஜமக்காளம் இல்லாமல் அதைப் பயன்படுத்தியிருக்க முடியாது.

விளக்குகள் இரண்டும் ஒளியை மென்மையாக்கும் ஒரு ஸ்கிம்மர் துணியும் வாடகையிலேயே அடக்கம். தரம் நன்றாகவே இருந்தது. நால்வருமே வெள்ளைச் சட்டையில் வந்தார்கள், நால்வருமே மூக்குக்கண்ணாடி. முகத்துக்குப் போதுமான ஒளி கொடுத்தால் சட்டை வெளுத்துப் பொங்குகிறது, ஆகவே விளக்கின் கீழ்ப்பாதியைக் கறுப்புத் துணியால் மறைத்து மார்பில் விழும் ஒளியைக் குறைத்தோம். கண்ணாடிப் பளபளப்புக்கு விளக்கை ஓரடி உயர்த்தி, கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் சற்றுத் தூக்கி மாட்டச் சொன்னதே போதுமாயிற்று. அறையின் சொந்த ட்யூப்லைட்டுகளை அணைத்துவிடுவது நல்லது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் ஒளி அதற்கேற்பத் துடிப்பதால், கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடியாக இல்லையென்றால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

வாடகை 8 மணி நேரக் கால்ஷீட்டுக்கு 6,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி தனி. கதவைத் திறந்த நிமிடத்திலிருந்து கணக்கு ஓடுகிறது. அமைப்பதற்கு எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது, கழற்றி அடுக்க முக்கால் மணி. இரண்டாம் நாள் 20 நிமிடம் தாமதமானதற்கு ஒரு முழு மணி நேரக் கட்டணம் வாங்கினார்கள். நாங்கள் கையெழுத்திட்ட தாளில் அப்படி ஒரு வரி இல்லை என்று காட்டியும் பயனில்லை.

எனக்கு இதைவிட உறுத்தியது படிக்கட்டு. அறை முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது, 19 படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். நால்வரில் மூத்தவர் இரண்டு இடங்களில் நின்று மூச்சுவாங்கி ஏறினார், அவர் குரல் சீராக அரைமணி நேரம் பிடித்தது. கழிப்பறையில் இந்திய முறைப் பீடம்தான், முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. சுழல்நாற்காலியும் அப்படியே: பேசும்போது அசைந்து கிரீச்சிட்டது. கீழ்வீட்டிலிருந்து நான்கு கால் மரநாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டோம்.

இளைஞர்களைப் பேட்டி காண்பதானால், ஞாயிறு காலையில் இந்த அறையை மறுபடி எடுப்பேன். முதியவர்களுக்கு எடுக்கமாட்டேன். அடுத்தவருக்கு 84 வயது. அவர் வீட்டுப் பின்னறையிலேயே எடுப்பதாக முடிவு. அந்தத் தம்பியிடம் ஜமக்காளங்களை மட்டும் வாடகைக்குத் தருவாரா என்று கேட்டிருக்கிறேன், முதலாளியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.