ஊட்டியா, ஆரோவில்லா?

தாவரவியல் பயிற்சிக்கு விழுப்புரம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று கேட்டால், பலரும் ஊட்டி தாவரவியல் பூங்கா என்பார்கள். 1848இல் தொடங்கிய அரசுப் பூங்கா அது. பெரணி இலையைத் திருப்பி, அடியில் பழுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும் ஸ்போர் (விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் நுண்தூள்) பைகளைக் கைலென்ஸில் காட்டலாம். கல்லாகிப்போன அடிமரமும் உண்டு. ஆனால் அங்கே பார்த்த சைப்ரஸ், அரக்கேரியா போன்ற ஊசியிலை மர வகைகள் விழுப்புரத்துப் பள்ளி வாசலிலா நிற்கின்றன?

ஆரோவில் தாவரவியல் பூங்கா பார்வைக்குச் சாதுவானது. வீரை, காசா என்று நம் கடலோரப் பசுமைமாறாக் காட்டு மரங்களுக்குத்தான் அங்கே முதலிடம். காசா இலையைத் தடவிப் பாருங்கள்: தோல்போல் தடித்து, மெழுகு பூசியதுபோல் மினுங்கும். வெயிலில் நீரிழப்பைக் குறைக்க அது கண்ட வழி. ஊர் திரும்பிய மறுநாளே, கோயில்காட்டு ஓரமாகப் பிள்ளைகளோடு தொடரக்கூடிய பாடம். என் ஓட்டு இதற்குத்தான். குளிருக்காக ஊட்டி கேட்பவர்களை யாரால் தடுக்க முடியும்!