டெக்சாஸின் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை: மூன்று வயது வரை பயன்படுத்திய ஒரு தாயின் மதிப்பீடு

எங்கள் மகன் குரோமோசோம் மாறுபாட்டால் வரும் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவன். அவன் பிறந்த இரண்டாம் வாரத்திலேயே குரோமோசோம் பரிசோதனை முடிவு எங்கள் கைக்கு வந்துவிட்டது. ஆனால், டெக்சாஸ் மாநிலத்தில் ‘இ.சி.ஐ.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும், வளர்ச்சித் தாமதம் உள்ள அல்லது ஏற்படக்கூடிய சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவையின் முதல் பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஐந்து மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியின் பெரும்பகுதி வீணாகக் கழிந்தது. அவனுக்கு மூன்று வயது நிறைந்து சேவை முடிவுக்கு வந்திருக்கும் இந்த வேளையில், அதன் நிறைகளையும் குறைகளையும் எழுதுகிறேன்; முக்கியமாக, மருத்துவ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே ‘கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று காத்திருக்கும் நம் பெற்றோருக்காக.

இந்தச் சேவை ஒரு மாநிலத்தின் தனி ஏற்பாடு அன்று. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத் திருத்தத்தின் வழியே, பிறந்தது முதல் மூன்று வயது நிறையும் வரையுள்ள குழந்தைகளுக்காக நாடெங்கும் உருவான திட்டத்தின் டெக்சாஸ் வடிவமே இது. இதற்குள் நுழைய முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சிந்தனை, உடலியக்கம், தொடர்புகொள்ளுதல், சமூக உணர்வு, அன்றாடத் தற்சார்பு ஆகிய ஐந்து துறைகளில் ஏதேனும் ஒன்றிலாவது வளர்ச்சித் தாமதம் இருப்பதாக மதிப்பீட்டில் தெரியவருவது. எவ்வளவு தாமதம் இருந்தால் தகுதி என்பதை அந்தந்த மாநிலமே வகுத்துக்கொள்கிறது. டெக்சாஸில் அது 25 சதவீதம், சொல்லிப் பேசும் திறனில் மட்டும் தாமதம் என்றால் 33 சதவீதம். மற்றொன்று, வளர்ச்சித் தாமதம் ஏற்பட வாய்ப்பு மிகுந்தது என்று அறியப்பட்ட ஒரு நிலை குழந்தைக்கு இருப்பதை மருத்துவர் உறுதிசெய்வது. குரோமோசோம் மாறுபாடுகள், பிறவியிலேயே அமைந்த மரபணுக் குறைகள், பிறவித் தொற்றுகள், வளர்சிதை மாற்றக் கோளாறுகள், நரம்பு மண்டல வளர்ச்சியின் கோளாறுகள், கேட்டல் அல்லது பார்வைக் குறைபாடு ஆகியவற்றைக் கூட்டரசு விதியே எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது.

இந்த இரண்டாம் வழியைப் பெற்றோர் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். இதில் தாமதம் இனிமேல்தான் தெரியவேண்டும் என்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை. குழந்தை இன்று தன் வயதுக்கு ஏற்றபடி சிரித்துக்கொண்டும் கையை உதறிக்கொண்டும் இருக்கலாம். அதனால் தகுதி குறைந்துவிடாது. மதிப்பீடு இவ்வழியிலும் நடக்கும். ஆனால் அது குழந்தைக்கும் குடும்பத்துக்கும் என்ன உதவி தேவை என்று அறிவதற்கான மதிப்பீடே தவிர, உள்ளே விடலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் தேர்வு அன்று.

எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. குழந்தை மருத்துவரின் அலுவலகம் பரிந்துரைக் கடிதத்தை அனுப்பியபோது குரோமோசோம் அறிக்கையை இணைக்கவில்லை. காரணம் என்ற இடத்தில் ‘வளர்ச்சி குறித்த கவலை’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் படித்த சேவை நிறுவனத்தின் ஊழியர் தொலைபேசியில் சில கேள்விகளைக் கேட்டுவிட்டு, இப்போதைக்குத் தாமதம் எதுவும் தென்படவில்லை, ஆறு மாதம் ஆனபின் மீண்டும் அழையுங்கள் என்று சொன்னார். மகனின் இதய அறுவைச் சிகிச்சைக்கான ஏற்பாடுகளில் மூழ்கியிருந்த நாங்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் சந்தித்த இன்னொரு தாய்தான், ‘உங்கள் பிள்ளைக்கு அந்த அறிக்கை ஒன்றே போதுமே’ என்று எடுத்துச் சொன்னார். மறுநாளே நான் நேரடியாக அழைத்து, அறிக்கையின் நகலை அனுப்பினேன். அதன்பின் ஒரே வாரத்தில் சேவை ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஒரு நிலை தெரியவந்த ஏழு நாட்களுக்குள் பரிந்துரை செல்ல வேண்டும் என்பதும், பரிந்துரை கிடைத்த 45 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்து, ‘ஐ.எஃப்.எஸ்.பி.’ எனப்படும் குடும்பச் சேவைத் திட்டத்துக்கான முதல் கூட்டத்தையும் நடத்திவிட வேண்டும் என்பதும் விதிகள். பெற்றோரே நேரடியாகப் பரிந்துரை செய்யலாம். மருத்துவரின் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விசாவில் இருக்கும் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: தகுதிக்கு வருமான வரம்பு கிடையாது, குடியுரிமையும் நிபந்தனை அன்று. மதிப்பீடு, திட்டம் வகுத்தல், ஒருங்கிணைப்பு ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. பயிற்சிகளுக்கு டெக்சாஸில் வருமானத்தைப் பொறுத்துக் குடும்பத்தின் பங்கு கணக்கிடப்படுகிறது; வருமான விவரம் தர மறுத்தால் முழுப் பங்கும் நம் தலையில் விழும் என்பதால் அந்தப் படிவத்தை அலட்சியப்படுத்த வேண்டாம்.

சேவையின் தரத்தைப் பற்றிச் சொல்வதானால், எங்களுக்கு வாய்த்த இயன்முறைச் சிகிச்சையாளரை நான் என்றும் நன்றியோடு நினைப்பேன். குழந்தை வழக்கமாக வளரும் சூழலிலேயே சேவை நடக்க வேண்டும் என்பது விதி. அதன் பொருளை அவர் வந்த முதல் நாளிலேயே கண்ணால் கண்டேன். அவர் கையில் பொம்மைப் பை எதுவும் இல்லை. எங்கள் குளியல் துண்டைக் கேட்டு வாங்கி, இறுகச் சுருட்டி, குப்புறக் கிடந்தவனின் மார்புக்கு அடியில் வைத்தார். பிறகு சமையலறையிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டைக் கொண்டுவரச் சொல்லி, அவன் முகத்துக்கு எதிரே சாய்த்து நிறுத்தினார். தட்டில் ஏதோ அசைவதைக் கண்டு அவன் தலையைத் தூக்கினான். தூக்கிய தலை நான்கைந்து நொடி ஆடாமல் நின்றது. தசைத் தளர்ச்சியால் தவளையைப் போல விரிந்து கிடந்த அவன் தொடைகளுக்கு வெளிப்புறமாக இன்னும் இரண்டு துண்டுகளைச் சுருட்டி வைத்து, உறங்காத நேரங்களில் இப்படிக் கிடத்துங்கள் என்று காட்டினார். வாரத்தில் ஒரு மணி நேரம்தான் அவர் வருவார். மீதி நேரம் முழுவதும் நாங்கள்தான் செய்தாக வேண்டும் என்பதால், குழந்தைக்குக் கற்பித்ததைவிட எங்களுக்குக் கற்பித்ததே அதிகம். இருபத்தேழாம் மாதத்தில் சோபாவைப் பிடித்த கையை விட்டுவிட்டு அவன் நான்கு அடி நடந்தான்.

மொழி விஷயத்திலும் எனக்கு நிறைவே. மதிப்பீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது பெற்றோரின் உரிமை. என் மாமியார் அப்போது எங்களுடன் இருந்தார்; பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் அவரே என்பதால், தொலைபேசி வழியே தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்து அவரிடமும் விவரம் கேட்டார்கள். வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிட வேண்டுமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, பேச்சுப் பயிற்சியாளர் கூடவே கூடாது என்றார். ‘இன்னும்’ என்பதற்கான சைகையை அவர் காட்டும்போதெல்லாம் மாமியார் அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லுவார். உறிஞ்சுகுழலைக் குட்டையாக வெட்டி, நீர்மோரில் தொடங்கி, மெல்ல மெல்லக் கெட்டி மோருக்கு மாறி, உதடுகளைக் குவிக்கப் பழக்கியதும் இவர்கள் இருவரின் கூட்டு முயற்சியே.

குறை என்று சொல்ல வேண்டியது ஆட்களின் பற்றாக்குறை. அந்தப் பேச்சுப் பயிற்சியாளர் வேலையை விட்டுச் சென்றபின் ஏறத்தாழ பத்து வாரம் மாற்று ஆள் வரவில்லை. திட்டத்தில் கையெழுத்தாகியிருந்த மணிநேரம் அப்படியே கரைந்தது. எழுத்தில் முறையிட்ட பிறகே வேறொருவரை அனுப்பினார்கள். முன்பே எழுதிக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திட்டத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. விடுபட்ட வாரங்களின் கணக்கை அந்தக் கூட்டத்துக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக, மூன்றாம் பிறந்தநாள். அன்றோடு இந்தச் சேவை முடிந்து, பொறுப்பு, உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டத்துக்கு மாறுகிறது. தகுதி விதியும் அன்றே மாறிவிடுகிறது. பள்ளியில் மருத்துவ அறிக்கை மட்டும் போதாது. சட்டம் வகுத்த பிரிவுகளில் ஒன்றுக்குள் குழந்தை வர வேண்டும். அதோடு அதனால் சிறப்புக் கல்வி தேவைப்படுகிறது என்பதும் மதிப்பீட்டில் தெரிய வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தாளைக் காட்டி நுழைந்த எங்களுக்கு, இது புதிதாக ஒரு வழக்கைத் தொடங்குவது போலவே இருந்தது. பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பாக மாறுதல் கூட்டம் நடக்க வேண்டும். பெற்றோர் சம்மதித்தால் ஒன்பது மாதம் முன்பேகூட நடத்தலாம். எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஏழு மாதம் முன்பே அதை நடத்தினார். மகன் ஜூலையில் பிறந்தவன் என்பதால் பள்ளித் திட்டம் பிறந்தநாளுக்குள் எழுதப்பட்டு, வகுப்பு தொடங்கும் தேதி ஆகஸ்டு என்று குறிக்கப்பட்டது. கடைசி வருகையின்போது இயன்முறைச் சிகிச்சையாளர், மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றியபடி அவன் ஏறுவதைக் காணொளியாக எடுத்து, பள்ளியின் மதிப்பீட்டுக் குழுவிடம் காட்டுங்கள் என்று எனக்கு அனுப்பிவைத்தார்.