மோரே சரக்குக்கு முன்பணம் கேட்டால் கொஞ்சம் பொறுங்கள்

வியாசர்பாடியில் பர்மா சாமான் கடை வைத்திருக்கிறேன். முகத்தில் அரைத்துப் பூசும் தனகா கட்டை, ஊறவைத்துச் சாப்பிடும் லப்பெட் தேயிலை, செருப்பு, லுங்கி. எல்லாம் பர்மாவின் தமு ஊரிலிருந்து எல்லையோர நம்பலோங் சந்தைக்கு வந்து, தலைச்சுமையாக எல்லை தாண்டி மணிப்பூரின் மோரேவுக்குள் நுழைந்து, இம்பால் வழியாக இங்கே வருபவை. 1995-இல் அரசே எல்லை வணிகத்தைத் திறந்துவிட்டது, உண்மைதான். ஆனால் என்னைப் போன்ற சின்னக் கடைக்காரர்களுக்கு பில் கிடையாது, வாய்ச்சொல்தான்.

2023 ஏப்ரலில் ஒரு தரகரிடம் 1,80,000 ரூபாய் கொடுத்தேன். வழக்கமாகப் பாதிதான் கொடுப்பேன். "ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதிலிருந்து பர்மா சாட் பணத்தோட மதிப்பு இறங்கிட்டே இருக்கு தம்பி, அந்தப் பக்கத்து வியாபாரி முழுசா ரூபாயிலேயே கேட்கிறான்" என்றார். 2021-க்குப் பிறகு சாட் சரிந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அதோடு, மோரே அங்காள பரமேஸ்வரி கோயில் அன்னதானத்தில் என் தாத்தா கையால் சாப்பிட்டதாகச் சொன்னார். 1960-களில் பர்மாவை விட்டு வந்து மோரேயிலேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. அந்தப் பேச்சில்தான் இளகிவிட்டேன்.

மே 3 அன்று மணிப்பூரில் கலவரம் வெடித்தது. ஒரு வாரம் கழித்து போன். "கோடவுன் எரிஞ்சுபோச்சு தம்பி, ஒரு மூட்டைகூட மிஞ்சல." கருகிய மூட்டைகளின் படமும் வந்தது. அங்கே நெட்டை நிறுத்தியிருக்கிறார்களே, எப்படி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். பர்மா சிம் என்றார். எல்லையில் அது நடக்கக்கூடியதுதான். எல்லாவற்றையும் இழந்தவரிடம் பணம் கேட்பது பாவம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஜூனில் மோரேயில் இருக்கும் மாமாவிடம் பேசியபோது அந்த கோடவுன் பேச்சு வந்தது. "அதுவா? பொங்கலிலிருந்து காலியாத்தான் கிடக்கு. துருப்பிடிச்ச பூட்டு அப்படியே தொங்குது" என்றார். அப்புறம்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூட்டைகளுக்குப் பின்னால் பாதி எரிந்த பலகை, அதில் தெலுங்கு எழுத்து.

பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. மாமா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நிஜமாகவே வீடு எரிந்தவர்கள் கட்டிய துணியோடு முகாமில் கிடந்தார்கள். அவர்களுடைய நெருப்பைக் காட்டி இவர் என் காசைத் தின்றிருக்கிறார். புகார் கொடுக்கப் போனால் முதலில் ரசீது கேட்டார்கள். என்னிடம் எங்கே இருக்கிறது?

அதே ஆள் இப்போது கடற்கரைப் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்காரர்களிடம் "எல்லை கேட் திறந்தாச்சு" என்று முன்பணம் கேட்டுச் சுற்றுகிறார். சண்டை, கேட் மூடல், சாட் சரிவு என்று அவர் சொல்லும் ஒவ்வொன்றும் அங்கே நடப்பதாகவே இருக்கும். அதை வைத்து நம்பிவிடாதீர்கள். சரக்கு எந்தத் தெருவில், எந்த கோடவுனில் இருக்கிறது என்று கேளுங்கள். மோரேயில் இருக்கும் வேறொருவர் நேரில் போய் மூட்டையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும்வரை பணத்தை எடுக்காதீர்கள். அங்கே யாரையும் தெரியாது என்றால் என் கடைக்கு வாருங்கள், மாமாவிடம் விசாரித்துச் சொல்கிறேன்.