ஸ்டிக்கரில் ஐ7, உள்ளே ஐ5: கிளிநொச்சியில் வாங்கிய பாவித்த லப்டொப்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடையொன்றில் போன ஆடி மாதம் ஒரு பாவித்த லப்டொப் வாங்கினேன். டெல் லற்றிடியூட் ஈ7470, 8 ஜீபி ராம், 256 ஜீபி எஸ்எஸ்டி, 82,000 ரூபாய். லப்டொப்புக்கு ஐந்தில் மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். கடைக்கு ஒன்று, அதுவும் வெயிலுக்குள்ளால் வந்த எங்களுக்கு முதலில் தண்ணி தந்தார்கள் என்பதற்காக. கடையின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இந்த வேலையை ஒரு கடை மட்டும்தான் செய்கிறது என்று நான் நம்பவில்லை.

மருமகளுக்கு அறிவியல்நகரில் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடம் கிடைத்திருந்தது. லப்டொப் கட்டாயம் வேண்டும், புதிது வாங்க எங்களுக்குக் கட்டாது, எனவே தருமபுரத்திலிருந்து இரண்டு பேரும் பஸ் ஏறி வந்தோம். கடையில் நீள மேசையில் கறுப்புப் பெட்டிகளாகப் பத்துப் பன்னிரண்டு லப்டொப் அடுக்கியிருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி. வித்தியாசம் தெரிந்ததே கை வைக்கிற இடத்தில் ஒட்டியிருந்த அந்தச் சின்னச் சதுர ஸ்டிக்கரில்தான். எங்களுக்குக் காட்டியதில் 'கோர் ஐ7, 8ஆம் தலைமுறை' என்று பளபளவென்று இருந்தது. ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் கம்பனியின் புரொசசர் (லப்டொப்பின் மூளையான சிப்) வகைகள், இலக்கம் கூடக் கூட விலையும் கூடும்; தலைமுறை என்பது எந்தக் காலத்துச் சிப் என்பதைச் சொல்வது. கடைக்காரத் தம்பி லப்டொப்பைப் போட்டுக் காட்டுவதற்கு முன்னமே ஸ்டிக்கரில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி "ஐ7 அண்ணை" என்றார். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் காசை எடுக்காத ஆள் நான். லப்டொப்புக்குப் பல் எங்கே இருக்கிறதென்று தெரியாததால் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் கிழமை விசயம் வெளித்தது. ஆடி வெக்கையில் மின்விசிறிக்குக் கீழே இருந்து படித்தாலும் உள்ளங்கை வியர்க்கும்தானே. வியர்வைக்கு ஸ்டிக்கரின் பசை இளகி, ஸ்டிக்கர் அரை விரல் அளவுக்கு நகர்ந்துவிட்டது. சோளகக் காற்றுக்கு வீட்டுக்குள் வருகிற செம்மண் தூசு அந்தப் பசையில் ஒட்டி ஒரு சிவப்புக் கரை போட்டிருந்தது. "மாமா, இதுக்குக் கீழ வேற ஒரு அடையாளம் இருக்கு" என்றாள் மருமகள். நகத்தால் கிளப்பிப் பார்த்தால், பழைய ஸ்டிக்கர் இருந்த இடம் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை விட மங்காமல் புதுசாக இருக்கிறது, அளவும் வேறு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, உள்ளே என்ன புரொசசர் என்று காட்டுகிற டாஸ்க் மனேஜரைத் திறந்தாள். ஐ5-6300யூ.

இதில் 6 என்பது ஆறாம் தலைமுறை, 2015இல் வந்த சாமான். இரண்டு கோர், அதாவது வேலையைப் பகிர்ந்து செய்கிற இரண்டு மையம். ஸ்டிக்கர் சொன்ன எட்டாம் தலைமுறை ஐ7 என்றால் இந்த வகை லப்டொப்பில் நான்கு கோர் இருந்திருக்கும். இன்னொன்று, விண்டோஸ் 11ஐ இன்டெல் புரொசசரில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசொப்ட் ஏற்றுக்கொள்கிறது, விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆக, ஸ்டிக்கரில் இருந்த அந்த எட்டு என்ற இலக்கத்துக்குத்தான் நான் கூடக் காசு கொடுத்திருக்கிறேன். வெறும் ஐ7, ஐ5 என்பதை மட்டும் பார்த்தும் ஏமாறலாம், ஏனென்றால் ஆறாம் தலைமுறை ஐ7-6600யூவில் இருப்பது இரண்டு கோர், எட்டாம் தலைமுறை ஐ5-8250யூவில் இருப்பது நான்கு.

கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு எனக்கு வந்த கேள்வி, அந்த ஸ்டிக்கர் ஏன் அங்கே இருக்கிறது என்பது. எங்கள் ஊரில் பட்டி மாட்டுக்குக் குறி சுடுவார்கள். குறியைப் பார்த்தால் மாடு யாருடையது என்று தெரியும். லப்டொப்பில் இருக்கிற குறி உடையவனுடையதும் இல்லை, பெட்டியைச் செய்தவனுடையதும் இல்லை. உள்ளே போகிற ஒரு துண்டை விற்றவனுடைய குறி அது. ஏர் செய்தவனுக்கு இரும்பு விற்றவன் கலப்பையில் தன் பெயரை எழுதுவது மாதிரி!

இதைத் தொடக்கி வைத்தது இன்டெல், 1991இல். அதற்கு முதல் கொம்பியூட்டர் வாங்குகிற சனத்துக்குப் பெட்டிக்காரரின் பெயர்தான் தெரியும், உள்ளே இருக்கிற சிப் யாருடையதென்று யாரும் கேட்பதில்லை. இன்டெல்காரருக்கு இன்னொரு தலையிடியும் இருந்தது. ஒரு சிப்புக்கு 386 என்று பெயர் வைத்து விற்றார்கள், போட்டிக் கம்பனியான ஏஎம்டியும் 386 என்று விற்கத் தொடங்கியது, அது பொதுப் பெயராகிவிட்டது, வர்த்தகக் குறியாகச் சொந்தம் கொண்டாட முடியாதென்று அமெரிக்க நீதிமன்றம் அதே 1991இல் சொல்லிவிட்டது. (பிறகு 1993இல் வந்த சிப்புக்கு 586 என்று வைக்காமல் பென்டியம் என்று வைத்ததும் இதனால்தான்.) எனவே பெட்டி செய்கிற கம்பனிகளோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். எங்களிடம் சிப் வாங்குங்கள், உங்கள் விளம்பரத்திலும் பெட்டியிலும் 'இன்டெல் இன்சைட்' சின்னத்தைப் போடுங்கள், நீங்கள் வாங்கும் சிப்பின் பெறுமதியில் ஒரு பங்கை நாங்கள் ஒதுக்கி வைத்து உங்கள் விளம்பரச் செலவில் பாதி அளவுக்குத் திருப்பித் தருகிறோம். யார் வேண்டாம் என்பார்கள்? அடுத்த வருட முடிவுக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட கம்பனிகள் சேர்ந்துவிட்டன. பிறகு ஏஎம்டி, என்விடியா, விண்டோஸ் எல்லாரும் தங்கள் தங்கள் சதுரத்தோடு வந்து சேர, லப்டொப் தேர்தல் கால மதில் மாதிரி ஆகிவிட்டது.

அப்பிள்காரர் மட்டும் 2006இல் இன்டெல் சிப்புக்கு மாறியும் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. அடுத்த வருடம் அதைப் பற்றிக் கேட்டபோது, எங்களுக்கு எங்கள் ஸ்டிக்கர்தான் பிடிக்கும் என்ற அர்த்தத்தில் அப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். காசு வேண்டாமென்று சொல்லக் கூடியவனின் பேச்சு அது.

ஸ்டிக்கரை நம்பி மோசம் போனவன் நான் மட்டும் இல்லை என்பது கொஞ்சம் ஆறுதல். விண்டோசின் புதுப் பதிப்பான விஸ்டா கடைக்கு வர முதலே, 2006இல், விஸ்டா ஓடும் என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொம்பியூட்டர்களை விற்றார்கள். அதில் கனக்கப் பெட்டிகளில் ஓடியது அடிமட்ட விஸ்டா மட்டும்தான், விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி மாதிரியான தோற்றம் வரவேயில்லை. சனம் வழக்குப் போட்டது. வழக்கில் வெளிவந்த மின்னஞ்சல்களில் ஒன்று மைக்ரோசொப்டின் உப தலைவர் மைக் நாஷ் எழுதியது. அவரும் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கி, 2,100 டொலருக்கு மின்னஞ்சல் பார்க்கிற மெசின் ஒன்றைத்தான் வாங்கியிருக்கிறேன் என்று புலம்பியிருக்கிறார். செய்த கம்பனியின் உப தலைவருக்கே அப்படி என்றால், தருமபுரத்து ஆளுக்கு என்ன?

ஆனால் எல்லா ஸ்டிக்கரையும் ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டக் கூடாது. அடிப்பக்கத்தில் இருக்கிற அழகில்லாத வெள்ளை, சாம்பல் ஸ்டிக்கர்கள்தான் ஓரளவுக்கு உண்மை பேசுபவை. பழைய விண்டோஸ் 7 பெட்டிகளில் விண்டோசை ஏற்றும்போது கேட்கிற 25 எழுத்துத் திறப்பு இலக்கம் அங்கேதான் இருந்தது, கையும் மடியும் பட்டு அது அழிந்து எத்தனை பேர் தலையில் கை வைத்தார்கள். விண்டோஸ் 8இலிருந்து அதை உள்ளே மதர்போர்ட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். டெல் என்றால் அடியில் சேர்விஸ் டக் என்று ஏழு எழுத்து இலக்கம் இருக்கும். அதை டெல்லின் இணையத்தளத்தில் அடித்தால், அந்தப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து என்னென்ன சாமானோடு வெளிக்கிட்டது என்று வரும். எங்களுடையதை அடித்துப் பார்த்தோம், ஐ5-6300யூ என்றே வந்தது. கடையில் வைத்தே போனில் பார்த்திருக்கலாம், இரண்டு நிமிச வேலை. அந்த அடி ஸ்டிக்கரும் மாறியிருக்குமென்று பயமாக இருந்தால் லப்டொப்பைப் போடும்போதே எஃப்2வை அழுத்தி, விண்டோஸ் தொடங்க முதல் வருகிற பயோஸ் என்ற பக்கத்துக்குள் போங்கள், அதே இலக்கமும் புரொசசரின் பெயரும் அங்கேயும் இருக்கும். இதைப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

லப்டொப் எப்படி என்று கேட்டால், உண்மையில் நல்ல சாமான். கீபோர்ட் அருமை, எழுத்துகள் ஆழமாக அமுங்குகின்றன. உடம்பு உறுதி, மருமகள் ஒருமுறை பையோடு படியில் போட்டும் ஒன்றும் ஆகவில்லை. பற்றரி ஒன்றே முக்கால் மணித்தியாலம்தான் நிற்கிறது, கறண்ட் போனால் அந்தரம். ராம் இன்னொரு 8 ஜீபி போட்ட பிறகு அவளுடைய பாட வேலைகளுக்குப் போதுமாக இருக்கிறது. விண்டோசுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய லினக்ஸ் மின்ட்டும் ஏற்றியிருக்கிறாள், அதற்குத் தலைமுறைக் கணக்குப் பிரச்சினை இல்லை. ஐ5, ஆறாம் தலைமுறை என்று நேராகச் சொல்லி 65,000க்கு விற்றிருந்தால் நான்கு நட்சத்திரம் போட்டு, ஊரிலும் நாலு பேருக்குச் சொல்லியிருப்பேன்.

இனிக் கடைக்கு வருவோம். லப்டொப்பையும் பில்லையும் தூக்கிக்கொண்டு திரும்பப் போனேன். "அண்ணை, அந்த ஸ்டிக்கர் லப்டொப் பொடியோட வந்தது, அதுக்கு நாங்கள் பொறுப்பில்லை. அது சும்மா வடிவுக்கு" என்றார் தம்பி. சரி, ஆறு மாத வொறன்ரி இருக்கிறதே, மாற்றித் தாருங்கள் என்றேன். லப்டொப்பைக் கவிழ்த்துப் பார்த்தார். ஓர் ஆணியின் மேல் கடையின் ஸ்டிக்கர், பேனையால் திகதி எழுதி, முட்டைக் கோது மாதிரி தொட்டாலே நொருங்குகிற சாதி. ராம் போடக் கழற்றியபோது அது கிழிந்திருந்தது. "எங்கட ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு அண்ணை, இனி வொறன்ரி இல்லை." முன்பக்க ஸ்டிக்கர் வடிவுக்கு, பின்பக்க ஸ்டிக்கர் சட்டம்! அதை அவருக்குச் சொன்னேன், பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளர் சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்புத்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். உள்ளேயிருந்து முதலாளி வந்தார். அரை மணித்தியாலம் கதைத்த பிறகு 6,000 ரூபாய் திருப்பித் தர ஒத்துக்கொண்டார்.

காசு எடுக்க மேசை லாச்சியைத் திறந்தபோது பில் புத்தகத்துக்குக் கீழே ஸ்டிக்கர் தாள் ஒன்று தெரிந்தது. ஐ3, ஐ5, ஐ7, ஏஎம்டியின் ரைசன் என்று வரிசை வரிசையாக. ஐ3 வரிசையில் ஒன்றும் கிளப்பவில்லை. ஐ7 வரிசை பாதிக்கு மேல் காலி. நான் பார்த்ததை முதலாளியும் பார்த்தார், ஆனால் முகம் மாறவில்லை. காசை எண்ணித் தந்துவிட்டு, ஒரு உதவி செய்கிற மாதிரிக் கேட்டார்: "ஐ5 ஒண்டு ஒட்டி விடட்டோ அண்ணை?"

வேண்டாமென்று வந்துவிட்டேன். மிச்சமிருந்த பசையில் தேங்காய் எண்ணெய் பூசிப் பத்து நிமிசம் விட்டுப் பழைய பருத்தித் துணியால் துடைத்தோம், வடிவாகப் போய்விட்டது. மண்ணெண்ணெய் போடாதீர்கள், மணம் ஒரு கிழமைக்குப் போகாது.